கூச்சலின் நடுவே நின்ற பாடகி

நம் கரிசல் பூமியில் மேடைப் பாட்டு என்றால் முதலில் நினைவுக்கு வருபவர் விசுவநாத தாஸ். 1886ஆம் ஆண்டு சிவகாசியில் பிறந்தவர். சாத்தூரில் இருந்து கொண்டு அவரை நினையாமல் இருக்க இயலாது. வள்ளி திருமணம் நாடகத்தில் முருகன் வேடமிட்டு வருவார். ஆர்மோனியக்காரர் சுருதி கூட்டுவார். தினைப்புனத்துப் பறவைகளை விரட்டும் பாட்டு என்று தொடங்குவது, சிறிது நேரத்தில் வெள்ளைக்காரனை விரட்டும் பாட்டாக மாறிவிடும். கொக்கு வெள்ளை நிறம் என்பது கொட்டகையில் இருந்த சிறுவனுக்கும் விளங்கும். பின்வரிசையில் நின்ற காவலர்களுக்கும் விளங்கியது. பலமுறை சிறை சென்றார். 1940ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள் சென்னை ராயல் தியேட்டரில், முருகனாக மயில்மீது அமர்ந்து பாடிக்கொண்டிருக்கையிலேயே அவர் உயிர் பிரிந்தது.

விசுவநாத தாஸின் வீரத்தை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர் எதிர்த்தது அரங்கிற்கு வெளியே இருந்த அரசை. அரங்கிற்குள் இருந்த மக்கள் அவர் பக்கம் இருந்தார்கள். கைவிலங்கு பூட்ட ஆள் வந்தபோதும் அவருக்குக் கைதட்டல் இருந்தது. (மருத்துவர் குலத்தில் பிறந்தவர் என்பதற்காக அவரோடு சேர்ந்து நடிக்க மறுத்த நடிகையர் இருந்தனர் என்பது வேறு கதை. அந்தக் கதைக்கு எவரும் கைதட்டியதில்லை.) பாடுகிறவர் தம்முன் அமர்ந்திருக்கும் மக்களின் வீட்டுக்குள்ளேயே கை நீட்டிக் குற்றம் சொன்னால் என்ன ஆகும்? இந்தக் கேள்விக்கு விடை தேடப் போனால், சிவகாசியை விட்டு வெகுதூரம் போக வேண்டியிருக்கிறது.

1992ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் இரவு. நியூயார்க் நகரின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் ஏறக்குறைய பதினெட்டாயிரம் பேர் கூடியிருந்தனர். பாப் டிலன் என்னும் பாடகரின் முதல் இசைத்தட்டு வெளிவந்து 30 ஆண்டுகள் நிறைவுற்றதைக் கொண்டாடும் ராக் இசை நிகழ்ச்சி அது. ஜார்ஜ் ஹாரிசன், எரிக் கிளாப்டன், ஸ்டீவி வொண்டர், ஜானி கேஷ் எனப் பெரும் பாடகர்கள் வரிசையாக வந்து டிலனின் பாடல்களைப் பாடினர். இடையில் கிரிஸ் கிரிஸ்டாபர்சன் என்னும் மூத்த பாடகர் மேடையேறி, அடுத்துப் பாட வரும் பெண்ணின் பெயர் துணிவுக்கும் நேர்மைக்கும் மறுபெயராகிவிட்டது என்று சொல்லி அறிமுகப்படுத்தினார். தலையை மழித்துக்கொண்ட, சின்னஞ்சிறு உருவமுடைய, 25 வயது ஐரிஷ் பெண் ஒருத்தி வந்து ஒலிவாங்கியின் முன் நின்றாள். அரங்கில் கைதட்டல் எழுந்தது. கூடவே ஊளையும் கூச்சலும் எழுந்தன. இரண்டும் கலந்த அந்த இரைச்சல் ஓயவே இல்லை.

ஷினேட் ஓ'கானர் என்பது அவர் பெயர். அதற்கு 13 நாட்களுக்கு முன்பு, அக்டோபர் 3 அன்று, அமெரிக்கத் தொலைக்காட்சியின் சனிக்கிழமை இரவு நிகழ்ச்சி ஒன்றில் அவர் பாடினார். பாப் மார்லியின் போர் என்னும் பாடல் அது. எத்தியோப்பியப் பேரரசர் ஹைலே செலாசி 1963இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபையில் இனவெறிக்கு எதிராக ஆற்றிய உரையை அடியொற்றிய பாடல். பக்கவாத்தியம் எதுவும் இன்றி அதைப் பாடிய ஓ'கானர், இடையில் சொற்களை மாற்றிக் குழந்தைகள்மீது இழைக்கப்படும் வன்கொடுமையைச் சேர்த்துக்கொண்டார். ஒத்திகையின்போது பாட்டின் முடிவில் ஒரு குழந்தையின் படத்தைக் காட்டியிருந்தார். நேரடி ஒளிபரப்பில் அவர் கையில் இருந்தது திருத்தந்தையின் படம். அதைக் கிழித்துத் துண்டுகளை எறிந்தார். உண்மையான பகைவனை எதிர்த்துப் போராடுங்கள் என்று ஒரு வரி சொன்னார். அரங்கில் கைதட்டச் சொல்லும் விளக்கை எரியவிடக் கூடாது என்று கட்டளையிடப்பட்டது. முழு அமைதியோடு அந்தக் காட்சி முடிந்தது.

அடுத்த வாரம் அதே நிகழ்ச்சிக்கு வந்த நடிகர் ஜோ பெஸ்கி, ஒட்டி இணைத்த அந்தப் படத்தை உயர்த்திக் காட்டி, அன்று தாம் இருந்திருந்தால் அந்தப் பெண்ணை அறைந்திருப்பேன் என்றார். அரங்கம் ஆரவாரம் செய்தது.

அந்தச் செய்தி நம்மை எட்டியபோது நாம் குருமடத்தில் மெய்யியல் மாணவராக இருந்தோம். அன்று நம் ஏடுகளில் திருத்தந்தையின் பெயரை இரண்டாம் அருள் சின்னப்பர் என்றே எழுதுவர். உணவறையின் நடுச்சுவரில் அவர் படம் மாட்டியிருந்தது. 1986 பிப்ரவரியில் அவர் சென்னைக்கு வந்தபோது, பள்ளிச் சிறுவனாகப் பங்கு மக்களோடு பேருந்தில் விடிய விடியப் பயணம் செய்து, வெகுதூரத்தில் ஒரு வெண்புள்ளியாக அவரைக் கண்டு அழுதவர் நாம். அந்தப் படத்தை ஒருத்தி கிழித்தாள் என்று செய்தித்தாளில் நான்கு வரி வந்தது. பிறகு, நியூயார்க்கில் மக்கள் அவளைக் கூச்சலிட்டு விரட்டிவிட்டார்கள் என்று மேலும் நான்கு வரி. நன்றாக வேண்டும் என்று மாணவர் சிலர் சொன்னோம். அவள் எதற்காகக் கிழித்தாள் என்று எவரும் கேட்கவில்லை. நான்கு வரியில் அதற்கு இடமும் இருக்கவில்லை.

திரும்பவும் மேடைக்கு வருவோம். அன்றிரவு அவர் பாட வேண்டியது டிலனின் 1979ஆம் ஆண்டுப் பாடல் ஒன்று. டிலன் கிறித்தவ நம்பிக்கையைத் தழுவியிருந்த காலத்தில் எழுதியது. இறைவனை நோக்கி, உலகமே தள்ளிவிட்டாலும் உம்மை நம்புகிறேன் என்ற பொருளில் அமைந்தது. அதை மிக மென்மையாக, காதில் ஓதுவதுபோலப் பாடுவதற்கு அவர் பழகி வந்திருந்தார். அந்த இரைச்சலில் அப்படிப் பாட இயலாது. வாத்தியக்காரர்கள் முன்னிசையைத் தொடங்கினர். அவர் கையசைத்து நிறுத்தினார். மீண்டும் தொடங்கினர், மீண்டும் நிறுத்தினார். கைகளைத் தொங்கவிட்டபடி அவர் நின்றுகொண்டே இருந்தார். கிரிஸ்டாபர்சன் மெல்ல வந்து காதருகே குனிந்து, அந்தப் பாவிகள் உன்னைச் சாய்த்துவிட விடாதே என்ற பொருளில் ஏதோ சொன்னார். நான் சாயவில்லை என்றார் அவர். அவளை மேடையிலிருந்து அழைத்து வந்துவிடும்படி தமக்குச் சொல்லப்பட்டது என்று கிரிஸ்டாபர்சன் பின்னாளில் கூறியிருக்கிறார். அவர் அழைத்து வரவில்லை.

பிறகு ஒலிவாங்கியின் ஒலியைக் கூட்டச் சொல்லிவிட்டு, தொலைக்காட்சியில் பாடிய அதே போர்ப் பாடலை, இசை எதுவும் இன்றி, ஏறக்குறைய கத்தலாகவே பாடினார். குழந்தைகளைப் பற்றிய சொல் வந்த இடத்தில் நிறுத்தி, கூட்டத்தை ஒரு கணம் உற்றுப் பார்த்துவிட்டு, திரும்பி நடந்தார். மேடையோரம் காத்திருந்த கிரிஸ்டாபர்சன் அவரை அணைத்துக்கொண்டபோது அவர் அழுதார். மறு ஆண்டு அந்த நிகழ்ச்சி இசைத்தட்டாக வந்தபோது அதில் அவர் குரல் இல்லை. ஒத்திகையில் அவர் பாடிப்பார்த்த அந்த மென்மையான பாடல் 2014ஆம் ஆண்டு மறுபதிப்பில்தான் சேர்க்கப்பட்டது. கச்சேரி முடிந்த சில நாட்களில் நியூயார்க் தெருவில் அவருடைய இசைத்தட்டுகளையும் நாடாக்களையும் குவித்துச் சாலை போடும் உருளை வண்டியை ஏற்றி நசுக்கினார்கள்.

கூச்சலிட்டவர்கள் யார் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். அவர்கள் பாப் டிலனைக் கேட்க வந்தவர்கள். 1963 ஆகஸ்டு 28 அன்று வாஷிங்டன் பேரணியில் மார்ட்டின் லூதர் கிங் உரையாற்றிய அதே மேடையில் பாடியவர் டிலன். போரையும் நிறவெறியையும் எதிர்த்த ஒரு தலைமுறைக்கு எதிர்ப்புப் பாட்டைக் கற்றுக்கொடுத்தவர். அவருக்கும் கூச்சல் புதிதன்று. 1965இல் நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழாவில் மின்கித்தாரோடு அவர் வந்து நின்றபோது கூச்சல் எழுந்தது. அடுத்த ஆண்டு மான்செஸ்டர் நகரில் கூட்டத்திலிருந்து ஒருவன் அவரை யூதாஸ் என்று அழைத்தான். அதாவது, கூச்சலுக்கு அஞ்சாத பாடகரைப் பாராட்டக் கூடிய கூட்டமே, கூச்சலுக்கு நடுவில் பாட வந்த ஒரு பெண்ணைக் கூச்சலிட்டு விரட்டியது. அனைவரும் அப்படிச் செய்யவில்லை, கைதட்டியவர்களும் இருந்தார்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும். அந்த இரண்டு ஒலிகளும் மோதிக்கொண்டதுதான் தமக்குக் குமட்டலை உண்டாக்கியது என்று அவரே பின்னாளில் சொன்னார்.

கூச்சலுக்குக் காரணம் ஒன்றன்று. 1990இல் நியூ ஜெர்சியில், தம் நிகழ்ச்சிக்கு முன் அமெரிக்க நாட்டுப்பண் ஒலித்தால் பாடமாட்டேன் என்று அவர் மறுத்திருந்தார். அதை மறக்காதவர்கள் இருந்தனர். கொண்டாட வந்த இடத்தில் எவளோ ஒருத்தி அரசியலைக் கொண்டு வருகிறாள் என்ற எரிச்சல் சிலருக்கு. திருத்தந்தையை நேசித்த கத்தோலிக்கரின் உண்மையான வேதனையும் அதில் இருந்தது. அந்த வேதனையை நாம் கேலி செய்யமாட்டோம். 787ஆம் ஆண்டு இரண்டாம் நிசேயா பொதுச்சங்கம், உருவத்திற்குச் செலுத்தும் வணக்கம் அந்த உருவம் குறிக்கும் ஆளைச் சென்றடைகிறது என்று வரையறுத்தது. வணக்கம் சென்றடையுமானால் அவமதிப்பும் சென்றடையும் அல்லவா? குருமடத்தில் நமக்கு இவ்வாறுதான் தோன்றியது. ஆனால் தொடக்கநூல் முதல் அதிகாரத்தைப் படித்தவர் அடுத்த கேள்வியையும் கேட்டிருக்க வேண்டும்: கடவுளின் உருவில் படைக்கப்பட்டது குழந்தை, எந்த உருவம் முதலில் கிழிக்கப்பட்டது?

அந்தப் படம் எங்கிருந்து வந்தது என்பது நமக்குப் பல ஆண்டுகள் கழித்தே தெரிந்தது. 2021இல் வெளிவந்த தன்வரலாற்று நூலில் ஓ'கானர் அதைச் சொல்லியிருக்கிறார். திருத்தந்தை 1979 செப்டம்பரில் அயர்லாந்துக்கு வந்தார். டப்ளின் பீனிக்ஸ் பூங்காவில் அவர் நிறைவேற்றிய திருப்பலியில் பத்து லட்சத்திற்கும் மேற்பட்டோர் பங்கேற்றனர். அந்தப் பயணத்தின் நினைவாக எடுக்கப்பட்ட படம், பாடகியின் தாய் தம் படுக்கையறைச் சுவரில் மாட்டியிருந்தது. அந்தத் தாய் மகளைக் கொடுமையாக அடித்து வதைத்தவர். 1985இல் தாய் சாலை விபத்தில் இறந்தபின், மகள் அந்தப் படத்தைச் சுவரிலிருந்து எடுத்துத் தம்மோடு வைத்துக்கொண்டார். ஏழு ஆண்டுகள் வைத்திருந்தார். எனவே அன்று கிழிந்தது கடையில் வாங்கிய ஏதோ ஒரு படமன்று. அவருடைய வீட்டுச் சுவர்.

இளமையில் அவர் திருட்டுக்குற்றம் முதலியவற்றால் டப்ளினில் ஹை பார்க் என்னும் இடத்தில் கன்னியர் நடத்திய சீர்திருத்த இல்லத்தில் சுமார் ஒன்றரை ஆண்டு தங்கவைக்கப்பட்டார். அங்கே ஒரு கன்னியர் அவருக்குக் கித்தார் வாங்கிக் கொடுத்தார். இதை மறக்கக் கூடாது. திருச்சபை அந்தப் பெண்ணுக்கு இசையையும் கொடுத்தது. அதே ஹை பார்க் வளாகத்தில் மகதலேனா சலவையகம் ஒன்று இருந்தது. சமூகம் கைவிட்ட பெண்கள் அங்கே கூலியின்றித் துணி துவைத்தார்கள். 1993இல் அந்த நிலத்தின் ஒரு பகுதி விற்கப்பட்டபோது, அங்கே புதைக்கப்பட்டிருந்த பெண்களின் உடல்கள் தோண்டி எடுக்கப்பட்டன. பதிவேட்டில் இருந்த எண்ணிக்கையை விட அதிக உடல்கள் கிடைத்தன, மொத்தம் 155. 2013 பிப்ரவரியில் அயர்லாந்துப் பிரதமர் எண்டா கென்னி அந்தப் பெண்களிடம் அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டார்.

இனி ஆண்டுகளை வரிசையாகச் சொல்லிவிடுகிறோம்; படிப்பதற்கு இன்பமானவை அல்ல. 1994இல் பிரண்டன் ஸ்மித் என்னும் துறவற சபைக் குரு, குழந்தைகளைப் பல ஆண்டுகள் சீரழித்த குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறை சென்றார். அவரை நாடு கடத்தி ஒப்படைப்பதில் நேர்ந்த தாமதத்தால் எழுந்த புயலில் அந்த ஆண்டு நவம்பரில் அயர்லாந்து அரசே கவிழ்ந்தது. 2009 மே மாதம் ரையன் அறிக்கை, துறவற சபைகள் நடத்திய தொழிற்பள்ளிகளில் சிறுவர் சிறுமியர் பட்ட கொடுமையை வெளியிட்டது. அதே ஆண்டு நவம்பரில் வெளிவந்த மர்பி அறிக்கை, டப்ளின் உயர்மறைமாவட்டம் 1975 முதல் 2004 வரை புகார்களைக் கையாண்ட விதத்தை ஆராய்ந்தது. அதில் ஓரிடம் நம்மைப் பல நாள் உறங்கவிடவில்லை. குருக்களால் சிறார்க்கு நேரும் வன்கொடுமை தொடர்பாக நட்டஈடு கேட்டு வழக்கு வரக்கூடும் என்று கருதி, உயர்மறைமாவட்டம் 1987இலேயே காப்புறுதி எடுத்திருந்தது. ஒரு பெண் படத்தைக் கிழித்தது 1992இல். ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே, தெரிய வேண்டியவர்களுக்குத் தெரிந்திருந்தது.

2010 மார்ச் 19, புனித சூசையப்பர் திருநாளன்று திருத்தந்தை பதினாறாம் ஆசீர்வாதப்பர் அயர்லாந்துக் கத்தோலிக்கருக்கு மடல் எழுதினார்; தம் வெட்கத்தையும் மனவருத்தத்தையும் அதில் வெளிப்படுத்தினார். 2018 ஆகஸ்டில் திருத்தந்தை பிரான்சிஸ், அதே பீனிக்ஸ் பூங்காவில் திருப்பலியின்போது மன்னிப்பு வேண்டினார். 1979இல் வந்த கூட்டத்தில் ஒரு சிறு பகுதியே அன்று வந்திருந்தது.

இவ்வாறு சொல்வதால் ஓ'கானர் செய்தது முழுவதும் சரி என்று தீர்ப்பிட நாம் முற்படவில்லை. இரண்டாம் அருள் சின்னப்பர் 2014இல் புனிதராக உயர்த்தப்பட்டவர். போலந்து நாட்டின் விடுதலையில் அவருக்குள்ள பங்கு எவரும் மறுக்க இயலாதது. அயர்லாந்தின் பாவம் அனைத்தையும் ஒரே முகத்தின்மேல் ஏற்றியது நீதியன்று என்று இன்றும் கருதுகிறோம். அந்தப் பாடகி பின்னாளில் பல திசைகளில் அலைந்தார். 1999இல் தனித்தியங்கிய ஒரு குழுவின் ஆயர் கையால் குருப்பட்டம் பெற்றதாக அறிவித்தார். 2018இல் இஸ்லாமைத் தழுவினார். 2023 ஜூலை 26 அன்று இலண்டனில் தம் 56ஆம் வயதில் இறந்தார். பிரே என்னும் கடலோர ஊரில் அவர் உடல் சென்ற வழியெங்கும் மக்கள் திரண்டு நின்றார்கள். நாட்டின் குடியரசுத் தலைவரும் வந்திருந்தார். ஒரு காலத்தில் கூச்சலிட்ட உலகம் மலர் தூவியது. மலர் தூவுவது எளிது. அப்போது பாடகி பதில் பேசமாட்டாள்.

இந்த இடத்தில் எரேமியாவின் நூல் 19ஆம் அதிகாரத்தை வாசகர் எடுத்துப் படிக்குமாறு வேண்டுகிறோம். இறைவாக்கினர் குயவனிடம் ஒரு மண்கலயம் வாங்குகிறார். மக்களின் மூப்பரையும் குருக்களுள் முதியோரையும் அழைத்துக்கொண்டு பென் இன்னோம் பள்ளத்தாக்கிற்குப் போகிறார். அவர்கள் கண்முன்னே அதை உடைக்கிறார். எதற்காக? அந்த இடத்தில் குழந்தைகள் தீயில் பலியிடப்பட்டனர். மாசற்றோரின் இரத்தத்தால் அந்த இடம் நிரம்பியிருந்தது. குருமடத்தில் இந்தப் பகுதியைத் தேர்வுக்குப் படித்து நல்ல மதிப்பெண் வாங்கினோம். அடையாளச் செயல் என்று அதற்கு ஒரு பெயரும் உண்டு. அடுத்த அதிகாரத்தில், கோவிலின் தலைமை அலுவலராகிய பஸ்கூர் என்னும் குரு எரேமியாவை அடித்துத் தொழுமரத்தில் மாட்டுகிறார். கோவிலின் ஒழுங்கைக் காப்பது அவர் பணி. அதைச் செய்தார்.

நாசரேத்துத் தொழுகைக்கூடத்திலும் இதுவே நடந்தது. ஆண்டவரின் வாயிலிருந்து வந்த அருள்மொழியை வியந்து பாராட்டிய அதே மக்கள், சாரிபாத்துக் கைம்பெண்ணையும் சிரியா நாட்டு நாமானையும் அவர் குறிப்பிட்டவுடன், மலையுச்சியிலிருந்து தள்ளிவிட இழுத்துச் சென்றனர். புற இனத்தாரைப் பற்றிப் பேசாதிருந்தால் அன்று மாலை விருந்துகூட வைத்திருப்பார்கள்.

டிலனுக்கு விருந்து கிடைத்தது. 1997 செப்டம்பர் 27 அன்று இத்தாலியின் பொலோஞா நகரில் நற்கருணை மாநாட்டை ஒட்டி இளைஞர் கூட்டம் நடைபெற்றது. இரண்டாம் அருள் சின்னப்பர் மேடையில் அமர்ந்திருக்க, டிலன் பாடினார். தொப்பியைக் கழற்றிவிட்டுப் படியேறிச் சென்று கைகுலுக்கினார். காற்றைப் பற்றிய அவருடைய புகழ்பெற்ற பாடலை எடுத்துக்கொண்டு, அந்தக் காற்று தூய ஆவியாரின் மூச்சு என்று திருத்தந்தை இளைஞர்க்கு விளக்கினார். அப்போது கர்தினாலாக இருந்த ஜோசப் ராட்சிங்கர் இந்த ஏற்பாட்டில் தமக்கு ஐயம் இருந்ததாகப் பின்னர் எழுதினார். நமக்கு வேறோர் எண்ணம் வரும். ஐந்து ஆண்டுகளுக்கு முன் டிலனின் விழாவில் விரட்டப்பட்ட அந்தப் பெண்ணையும் அன்று அழைத்து, ஒரு நாற்காலி போட்டு, என்ன நடந்தது மகளே என்று கேட்டிருந்தால்? வரலாற்றில் இப்படிக் கேட்பது தவறு என்று நம் பேராசிரியர் கண்டிப்பார்.

அயர்லாந்தைப் பற்றி இவ்வளவு எழுதுகிறவர் தம் ஊரைப் பற்றி என்ன சொல்வார் என்று வாசகர் கேட்கலாம். 1992இல் நாம் விடுமுறைக்கு வரும்போது, சாத்தூர், சிவகாசிச் சாலைகளில் பொழுது விடியுமுன்னே தீப்பெட்டி ஆலைப் பேருந்துகள் கிராமம் கிராமமாகக் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு போகும். மருந்து ஒட்டிய சின்ன விரல்களோடு அவர்கள் ஞாயிறு மறைக்கல்விக்கும் வந்தார்கள். சலம் பென்னூர்கர் 1990இல் இதைக் குட்டி ஜப்பானின் குழந்தைகள் என்ற ஆவணப்படமாக எடுத்தார். 1991இல் சிவகாசிப் பட்டாசு ஆலையொன்றின் விபத்தில் 39 பேர் இறந்ததும் உச்ச நீதிமன்றத்தின் கவனத்திற்கு வந்தது. 1996 டிசம்பர் 10 அன்று, எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில், வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்று அந்த நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வெளியிலிருந்து படமெடுக்க வந்தவர்கள் ஊர்ப்பிழைப்பைக் கெடுக்க வந்தவர்கள் என்று முணுமுணுத்தவர்களை நாம் அறிவோம். அவர்கள் கல்நெஞ்சர் அல்லர். அந்தக் கூலியில்தான் வீட்டில் உலை கொதித்தது.

ஆனால் நாம் சொல்ல வந்தது வேறொன்று. அதைச் சொல்லத்தான் நியூயார்க் வரை சுற்றி வந்தோம் போலும்.

பல ஆண்டுகளுக்கு முன் நாம் பணியாற்றிய ஒரு பங்கின் கிளைக் கிராமம். பெயர் வேண்டாம். பாதுகாவலர் திருவிழாவின் ஒன்பதாம் நாள், சப்பரப் பவனி முடிந்து, பள்ளி மைதானத்தில் இளைஞர்கள் பல்சுவை நிகழ்ச்சி நடத்தினர். குழல்விளக்கு, ஜெனரேட்டர், மைதானத்து ஓரத்தில் சேவுக்கடை. கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த ஓர் இளைஞன், தெற்குத் தெருவைச் சேர்ந்தவன், கித்தாரோடு மேடையேறினான். மாதா பாட்டு பாடுவதாகப் பட்டியலில் இருந்தது. அவன் பாடியது அவனே கட்டிய பாட்டு. நம் கல்லறைத் தோட்டத்தின் நடுவே இருந்த சுவரைப் பற்றியது. சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு சாதி, அந்தப் பக்கம் ஒரு சாதி. உயிர்ப்பு நாளன்று எக்காளம் ஊதும்போது வானதூதர் எந்த வாயிலில் முதலில் வருவார் என்று கேட்டது அந்தப் பாட்டு.

முதல் அடி முடியுமுன் சீழ்க்கை எழுந்தது. இரண்டாம் அடியில் சோடா மூடிகள் மேடையில் வந்து விழுந்தன. சினிமாப் பாட்டுப் பாடுடா என்றார்கள் சிலர். இறக்குடா அவனை என்றார்கள் சிலர். தெற்குத் தெருப் பெண்கள் அமர்ந்திருந்த மூலையிலிருந்து கைதட்டல் கேட்டது. அது கூச்சலை இன்னும் மூட்டிவிட்டது. ஊர்ப் பெரியவர்கள் இருவர் நம் நாற்காலியருகே வந்து குனிந்தார்கள். மறுநாள் திருப்பலி, தேர், அசனம், ஊரின் அமைதி எல்லாம் நம் மனத்தில் ஓடின. நாம் மைக் செட்காரரைப் பார்த்துக் கையைக் கீழே இறக்கிக் காட்டினோம். அவ்வளவுதான். ஒலிபெருக்கி நின்றது. அவன் வாய் அசைந்துகொண்டிருந்தது; கித்தார் ஒலி மட்டும் கொசுவின் ரீங்காரம்போலக் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு அவன் இறங்கிப் போனான். அடுத்துக் குழந்தைகள் நடனம்.

அந்தச் சுவர் தவறு என்பது நமக்குத் தெரியாததன்று. 2003 நவம்பர் 17 அன்று, தம்மைச் சந்திக்க உரோமைக்குச் சென்ற தமிழக ஆயர்களிடம், கிறித்தவரிடையே சாதி வேற்றுமையின் சாயல்கூட இருத்தலாகாது என்று எச்சரித்தவர் வேறெவரும் அல்லர், படம் கிழிக்கப்பட்ட அதே இரண்டாம் அருள் சின்னப்பர்தாம். அந்த உரையை நாம் மறையுரையில் எடுத்தாண்டிருக்கிறோம். மறையுரையில் சொன்னால் யாரும் கூச்சலிடுவதில்லை; கோவிலில் ஊர்ப்பெயர் சொல்லாமல் பேசுவது நம் வழக்கம்.

மாற்றலாகி வந்தபின் அந்த ஊருக்கு நாம் போகவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒருநாள் தொலைபேசி வந்தது. அந்த இளைஞனின் தாய் இறந்துவிட்டார். அடக்கத் திருப்பலிக்கு நாம் வரவேண்டும் என்று அந்த அம்மாள் முன்பே சொல்லி வைத்திருந்தாராம். அவருக்குத் திருமுழுக்குக் கொடுத்த பேரப்பிள்ளைகள் நாம் அங்கே இருந்த காலத்தவர்கள். போனோம். கல்லறைத் தோட்டத்திற்கு இரண்டு வாயில்கள் இருந்தன. சுவர் அப்படியே இருந்தது, மேலே ஓரிடத்தில் மட்டும் கல் பெயர்ந்திருந்தது. தெற்கு வாயில் வழியாகச் சென்றோம். செபம் முடிந்து, ஒவ்வொருவராக மண் போட்டு, குழியை மூடினார்கள். அவன் இப்போது திருப்பூரில் வேலை செய்கிறான். தலை நரைக்கத் தொடங்கிவிட்டது. மண்வெட்டியைக் கையில் பிடித்தபடி நம் அருகில் வந்து நின்றான்.

“சாமி, அன்னைக்கு மைக்கை நிறுத்தச் சொன்னது நீங்கதானா, இல்ல அவங்களா சாமி? ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தேன்.”

நாம்தான் என்றோம்.

அவன் தலையசைத்தான். பிறகு மண்வெட்டியைத் திருப்பிக் கொடுப்பதற்காகக் குழிவெட்டியவரைத் தேடிப் போனான்.